வீடு முழுவதும் இணையத் தொலைபேசி: இணைப்பு வாங்கும் முன் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை

நம் வீடுகளில் பலவற்றில் ஆண்கள் சவூதியிலோ, துபையிலோ, மலேசியாவிலோ இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் வயதான பெற்றோரும் பெண்களும் பிள்ளைகளும்தான். திண்டுக்கல் பேகம்பூரில் இருந்து நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வரை இதுதான் பல குடும்பங்களின் நிலை. இப்படிப்பட்ட வீட்டில் தொலைபேசி என்பது பேசி மகிழ்வதற்கான பொருள் மட்டுமல்ல. நள்ளிரவில் அத்தாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸை அழைப்பதும் அதில்தான். மகன் அங்கிருந்து தாயின் குரலைக் கேட்பதும் அதில்தான்.

அந்தத் தொலைபேசி இன்று மாறிவிட்டது. செம்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைன் இணைப்புகளைச் சரண்டர் செய்துவிட்டு, ஃபைபர் இணைய இணைப்போடு சேர்ந்து வரும் போனுக்குப் பல குடும்பங்கள் மாறி வருகின்றன. 'அதே போன்தானே, வயர் மட்டும்தானே வேறு' என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. அந்த வித்தியாசம் தெரியாவிட்டால், அவசரமான நேரத்தில் போன் ஊமையாகி நிற்கும். எனவே வீடு முழுவதும் இணையத் தொலைபேசி அமைப்பது எப்படி, எங்கே கவனம் தேவை, சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

பழைய போனும் புதிய போனும்

பழைய லேண்ட்லைனில் நம் குரல் மின்சார அலையாகச் செம்புக் கம்பி வழியே எக்ஸ்சேஞ்சுக்குச் சென்றது. போன் இயங்கத் தேவையான சுமார் 48 வோல்ட் மின்சாரமும் அதே கம்பியில் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது. அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்ததால், ஊரே இருட்டானாலும் போனில் டயல் டோன் கேட்டது.

இணையத் தொலைபேசியில் நம் குரல் சிறுசிறு தகவல் பொட்டலங்களாக நறுக்கப்பட்டு இணையத்தின் வழியே செல்கிறது. மறுமுனையில் அவை மீண்டும் கோக்கப்பட்டு ஒலியாகின்றன. இந்த வேலையைச் செய்வது வீட்டில் மாட்டப்படும் ஃபைபர் மோடம். இதை ஓ.என்.டி. என்பார்கள். கண்ணாடி இழையில் ஒளி மட்டுமே வரும், மின்சாரம் வராது. எனவே மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் இருந்தால்தான் போன் பேசும்.

ஒரு அழைப்புக்கு எவ்வளவு வேகம் தேவை? நல்ல தரமான குரலுக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். 30 எம்.பி.பி.எஸ். இணைப்பில் இது மிகச் சிறிய பங்கு. குரல் விட்டுவிட்டு வருகிறது என்றால் பெரும்பாலும் வேகம் காரணமல்ல, பொட்டலங்கள் வழியில் தொலைவதும் அவற்றின் தாமதம் ஏறி இறங்குவதுமே காரணம். ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்க 150 மில்லி நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி இடறுவோம்.

மூன்று வகைகள்

இணையத் தொலைபேசி என்று நாம் சொல்வது மூன்று வகைப்படும். இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, எண்ணோடு வரும் ஃபைபர் லேண்ட்லைன். பி.எஸ்.என்.எல். பாரத் ஃபைபர், 2019 செப்டம்பரில் வணிகரீதியாகத் தொடங்கிய ஜியோஃபைபர், ஏர்டெல் ஃபைபர் ஆகியவை இதைத் தருகின்றன. திண்டுக்கல் நகரம் என்றால் 0451 என்ற எஸ்.டி.டி. குறியீட்டில் தொடங்கும் எண் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் இந்த எண்ணுக்கு அழைக்கலாம், இதிலிருந்து எந்த எண்ணுக்கும் அழைக்கலாம்.

இரண்டாவது, வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் அழைப்பு. இருபக்கமும் அதே செயலி இருந்தால்தான் பேச முடியும். ஒரு காலத்தில் வெளிநாட்டுக் குடும்பங்களின் உயிர்நாடியாக இருந்த ஸ்கைப் 2025 மே 5-ல் மூடப்பட்டது. ஒரே செயலியை நம்பி இருப்பது நல்லதல்ல என்பதற்கு இதுவே உதாரணம்.

மூன்றாவது, வீட்டுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இன்டர்காம். கீழ்த்தளத்தில் பெற்றோர், மாடியில் மகன் குடும்பம், வாசலில் கடை என்று இருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் பயன்படும். இதற்கு வெளி எண்ணும் தேவையில்லை, மாதக் கட்டணமும் இல்லை.

வீட்டுக்கு நாம் பரிந்துரைப்பது, முதல் வகையை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் துணையாகச் சேர்த்துக்கொள்வதைத்தான்.

மோடத்தை எங்கே வைப்பது?

இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் தனக்கு எளிதான இடத்தில், பெரும்பாலும் வாசல் பக்கத்து அறையில், மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதை அப்படியே விட வேண்டாம். அவர் வருவதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

முதலில், அங்கே இன்வெர்ட்டர் லைனில் உள்ள ப்ளக் பாயின்ட் இருக்க வேண்டும். அடுத்து, வீட்டின் நடுப்பகுதியாக இருந்தால் வைஃபை எல்லா அறைக்கும் ஓரளவு எட்டும். பழைய வீடுகளின் தடித்த சுவரும் கான்கிரீட் தளமும் வைஃபையைப் பெருமளவு தடுத்துவிடும். கடைசியாக, பழைய தொலைபேசி வயர் வந்து சேரும் ரோசெட் பாக்ஸ் அருகில் இருந்தால் அந்த வயரையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஃபைபர் கேபிளைச் சுவர் மூலையில் செங்குத்தாக மடிக்கக் கூடாது. வளைவு அகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒளி கசிந்து சிக்னல் குறையும். எலியும் அணிலும் கடிக்கும் இடங்களில் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். மோடத்தில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை, ஆபரேட்டரை அழைப்பதே வழி.

எல்லா அறைகளுக்கும் கொண்டு செல்வது

மோடத்தின் பின்புறம் போன் படம் போட்ட அல்லது 'டெல்' என்று எழுதிய சிறிய துளை இருக்கும். சாதாரண பட்டன் போனை அதில் மாட்டினாலே பேசலாம். அங்கிருந்து வீடு முழுவதும் கொண்டு செல்ல நான்கு வழிகள் உள்ளன.

1. பழைய வயரிங். முன்பு லேண்ட்லைனுக்காகச் சுவருக்குள் ஓட்டிய இரண்டு கம்பி வயர் நன்றாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் வெளியே இருந்து வரும் பழைய செம்புக் கம்பியை ரோசெட் பாக்ஸில் முதலில் முழுமையாகத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பியில் வரும் மின்சாரம் மோடத்தின் போன் துளையைக் கெடுத்துவிடக்கூடும். இந்த வேலையை விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரே லைனில் பேரலலாக இரண்டு அல்லது மூன்று போன்களுக்கு மேல் மாட்டினால் மணி சரியாக அடிக்காது. மோடம் தரும் மணியின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு.

2. கார்ட்லெஸ் போன். 'டெக்ட்' வகை கார்ட்லெஸ் போனில் ஒரு பேஸும் பல கைப்போன்களும் இருக்கும். பேஸை மட்டும் மோடத்தில் மாட்டினால் போதும், மற்றவற்றை வெவ்வேறு அறைகளில் வைக்கலாம். வாங்கும்போது எத்தனை கைப்போன் சேர்க்கலாம், அவற்றுக்குள் இன்டர்காம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மாடியில் இருப்பவரைக் கூப்பிடப் படியேற முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

3. செல்போன் செயலி. சில நிறுவனங்கள் லேண்ட்லைன் எண்ணையே செல்போனில் பயன்படுத்தச் செயலி தருகின்றன. ஜியோவின் ஜியோஜாயின் இப்படிப்பட்டது. வீட்டு எண்ணுக்கு அழைப்பு வந்தால் அது செல்போனிலும் ஒலிக்கும். ஃபைபரே இல்லாமல் செயலியை மட்டும் வைத்து எண் தரும் 'விங்ஸ்' சேவையை பி.எஸ்.என்.எல். 2018-ல் அறிமுகப்படுத்தியது.

4. ஐ.பி. போன். மூன்று மாடி வீடு, கடையும் குடோனும் சேர்ந்த வீடு என்றால் ஒவ்வொரு தளத்துக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்து, ஐ.பி. போன்களை மாட்டி, 101, 102, 103 என்று உள் எண்கள் கொடுக்கலாம். இதற்கான இலவச மென்பொருளான ஆஸ்டரிஸ்க் 1999-ல் இருந்து உள்ளது. சிறிய ராஸ்பெர்ரி பை கணினியிலேயே அதை ஓட்டலாம். கணினி படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது அவர்களுக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் மேல்தளத்துக்கு ஒரு கேட் 6 கேபிளை இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை கருவி வைப்பது நல்லது. காற்றில் சிக்னலைத் தாவ வைக்கும் மலிவான ரிப்பீட்டரைவிட, கேபிள் வழி வரும் இணைப்பில் குரல் அறுபடாது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மின்சாரப் பைப் பதிக்கும்போதே ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு பைப் பதித்துவிடுங்கள். பிறகு சுவரை உடைக்க வேண்டி வராது.

மின்தடையை மறக்க வேண்டாம்

இதுதான் மிக முக்கியமான பகுதி. பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் ஒரு பகலின் பெரும்பகுதி மின்சாரத்தை நிறுத்துவது நமக்குப் பழக்கமானது. மழைக்காலத்தில் சொல்லாமலும் போகும். அப்போது ஃபைபர் போன் வேலை செய்ய வேண்டுமானால் மூன்று இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும்.

முதல் இடம் நம் மோடம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடத்தை அந்த லைனில் மாட்டுங்கள். மோடம் இழுப்பது 10 வாட் அளவுதான், மின்விசிறியைவிடக் குறைவு. இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கான மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். 30 வாட்-மணி பேட்டரி உள்ள மினி யு.பி.எஸ். சுமார் இரண்டரை மணி நேரம் தாங்கும். முழுநாள் மின்தடைக்கு அது போதாது.

இரண்டாவது இடம் போன். கார்ட்லெஸ் போனின் பேஸுக்கும் தனியாக மின்சாரம் தேவை. மோடம் ஓடினாலும் பேஸ் அணைந்தால் பேச முடியாது. எனவே எத்தனை கார்ட்லெஸ் வைத்தாலும், வயரோடு கூடிய சாதாரண போன் ஒன்றை மோடத்தில் மாட்டி வையுங்கள். அது மோடத்தில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது இடம் நம் கையில் இல்லை. நம் வீட்டுக்கும் ஆபரேட்டரின் கருவிக்கும் இடையே உள்ள பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் ஆபரேட்டரின் கருவிக்குத் தேவை. அந்தப் பகுதியிலும் மின்தடை ஏற்பட்டு, அவரிடம் பேட்டரி இல்லையென்றால், நம் வீட்டில் எத்தனை யு.பி.எஸ். இருந்தும் பயனில்லை. இணைப்பு வாங்கும் முன், 'கரண்ட் போனால் உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?' என்று கேளுங்கள். அதே தெருவில் ஏற்கெனவே இணைப்பு எடுத்தவர்களிடமும் விசாரியுங்கள்.

அவசர அழைப்பு

எண்ணோடு வரும் ஃபைபர் லேண்ட்லைனில் இருந்து 112, 108 ஆகிய எண்களை அழைக்கலாம். வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் முகவரி மறந்துபோகும். எனவே வீட்டு எண், தெருப் பெயர், அருகில் உள்ள பள்ளிவாசல் அல்லது பள்ளிக்கூடத்தின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் அருகில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. லேண்ட்லைனில் இருந்து செல்போனை அழைக்கும்போது எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இது நாடு முழுவதும் கட்டாயம். பழைய எண்களை ஸ்பீடு டயலில் வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லேண்ட்லைனை மட்டும் நம்பாமல், பட்டன் செல்போன் ஒன்றையும் சார்ஜோடு வீட்டில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுடன் பேச

வெளிநாட்டில் இருந்து திண்டுக்கல் எண்ணை அழைக்க +91 451 என்று தொடங்கி ஏழு இலக்க எண்ணைச் சேர்க்க வேண்டும். 0 சேர்க்கக் கூடாது. லேண்ட்லைன் திட்டங்களில் 'இலவச அழைப்பு' என்றால் அது இந்தியாவுக்குள் மட்டும். ஐ.எஸ்.டி.க்குத் தனிக் கட்டணம் உண்டு. தேவையில்லை என்றால் ஐ.எஸ்.டி. வசதியை மூடி வைக்கச் சொல்லுங்கள். மோடத்தையோ ஐ.பி. போனையோ யாராவது ஊடுருவி வெளிநாட்டு அழைப்புகள் செய்தால் பில் நம் தலையில்தான் விழும். அதே காரணத்துக்காக மோடத்தோடு வரும் கடவுச்சொல்லையும் உடனே மாற்றிவிடுங்கள்.

செயலி அழைப்புகளில் நாட்டுக்கு நாடு விதி வேறு. சவூதி அரேபியா, விதிமுறைக்கு உட்பட்ட இணைய அழைப்புச் செயலிகளுக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. அமீரகத்தில் உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையே மக்கள் பயன்படுத்தி வருகிறார்கள். தடையைத் தாண்ட வி.பி.என். போடுவதை நம் சகோதரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதச் செயலுக்காக ஐ.பி. முகவரியை மறைப்பவருக்குச் சிறைத்தண்டனையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ விதிக்கப்படலாம். குடும்பத்தோடு பேசுவதற்காக வேலையையும் விசாவையும் பணயம் வைக்கக் கூடாது. அங்கே அனுமதிக்கப்பட்ட செயலியை ஊரில் உள்ளவர்களின் போனிலும் நிறுவிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நேர வித்தியாசத்தையும் கருத்தில் கொள்ளுங்கள். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னால், மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ரியாத்தில் இஷா முடித்து இரவு எட்டரைக்கு அழைத்தால் இங்கே பதினொரு மணி. வயதான தாய் அதுவரை விழித்திருக்க வேண்டும். வார நாட்களில் ஒரு நேரம், ஜும்ஆ நாளில் ஒரு நேரம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது இருபக்கமும் நிம்மதி தரும்.

'பெட்டி வைத்தால் வாடகை' என்ற வலை

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்பட்டது. 2018-ல் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையம் வழியே செல்போன், லேண்ட்லைன் எண்களுக்கு அழைப்புகளை இணைக்க வழி தெளிவானது. 'உரிமம் பெற்ற நிறுவனங்கள்' என்பதுதான் இங்கே முக்கியம்.

வெளிநாட்டில் இருந்து இணையம் வழியே வரும் அழைப்புகளை உள்ளூர் சிம் கார்டுகள் மூலம் திருப்பிவிடும் 'சிம் பாக்ஸ்' கருவிகளைக் காவல்துறை பல ஊர்களில் கைப்பற்றியிருக்கிறது. இதைச் செய்யும் கும்பல்கள் சாதாரணக் குடும்பங்களை அணுகுகின்றன. 'உங்கள் வீட்டில் நெட் இருக்கிறதே, இந்தப் பெட்டியை ஒரு மூலையில் வையுங்கள், மாதம் வாடகை தருகிறோம்' என்பார்கள். 'உங்கள் பெயரில் சில சிம் மட்டும் வாங்கித் தாருங்கள்' என்றும் கேட்பார்கள். பெட்டியைப் பார்த்தால் சாதாரண வைஃபை ரவுட்டர் போலவே இருக்கும்.

அந்தப் பெட்டி வழியே போகும் அழைப்பு மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். அதைவிடப் பெரிய குற்றத்துக்கும் அது பயன்பட்டிருக்கலாம். விசாரணை வந்தால் இணைய இணைப்பு யார் பெயரில், சிம் யார் பெயரில் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சில ஆயிரம் ரூபாய்க்காக நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்கும் வேலை இது. தெரிந்தவர், உறவினர் என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்து துண்டிக்கலாம்.

வீட்டுப் போனுக்கு வரும் மோசடி அழைப்புகளும் பெருகிவிட்டன. 'காவல்துறையில் இருந்து பேசுகிறோம், உங்கள் மகன் பெயரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்கிறோம்' என்று மிரட்டுவார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்த மிரட்டல் எளிதில் பலிக்கிறது. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு நேராக மகனுக்கே போன் செய்து கேட்க வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இணைப்பு வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மாதக் கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து எவ்வளவு வரும்? மோடம் நமக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டியதா? போன் சேவை திட்டத்திலேயே அடங்குமா? பழைய பி.எஸ்.என்.எல். எண் வைத்திருப்பவர்கள், அதே எண்ணை பி.எஸ்.என்.எல். ஃபைபரில் தொடர முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். செல்போன் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் இல்லை. எனவே உறவினர்கள் பல்லாண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கும் எண்ணைச் சரண்டர் செய்யும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் ஊழியர் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரில் மோடம் ஓடுகிறதா, வயர் போனில் டயல் டோன் வருகிறதா, அதிலிருந்து 0 சேர்த்து ஒரு செல்போனை அழைக்க முடிகிறதா, மாடியில் உள்ள போனில் மணி அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீட்டில் வயதில் மூத்தவரையே அந்த அழைப்பைச் செய்யச் சொல்லுங்கள். அவருக்குக் கை பழகிவிட்டால், இன்ஷா அல்லாஹ், தேவைப்படும் நேரத்தில் அந்தப் போன் பயன்படும்.